வீரன் செய்த பர்கர்

தட்டைப் பார்த்ததும் பூவிழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாப்பா இது?"

"பர்கர் கண்ணு" என்றார் வீரன். முகமெல்லாம் சிரிப்பு.

பர்கராம். டூட்டி ஃப்ரூட்டி போட்ட இனிப்பு பன்னை இரண்டாய் அறுத்து, நடுவே உருளைக்கிழங்கும் சாமையும் பிசைந்து சுட்ட கறுப்பு வடை ஒன்று. அதன்மேல் ஒரு வெங்காய வட்டம். அதுவும் ஒரு பக்கம் விரல் தடிமன், மறுபக்கம் காகிதம்.

பூவிழிக்குச் சென்னையில் பர்கர் கடையில் வேலை. மூன்று வருஷமாய், நாளைக்கு முந்நூறு பர்கர் அடுக்குகிறாள். அந்த வாசனை துணியில், முடியில், தலையணையில்கூட ஒட்டிக்கிடக்கிறது. எட்டு மாதம் கழித்துக் கிடைத்த ஒரே ஒரு நாள் லீவில், போளூரில் மலை பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் காத்துக்கிடந்து அவள் வந்ததே சுடச்சுடக் களிக்கும் மொச்சைக் குழம்புக்கும்தான்.

அம்மா போனபிறகு அது திரௌபதி அத்தை கையால்தான் கிடைக்கும். அந்த அத்தையையும் இன்று சமைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம் அப்பா.

இத்தனைக்கும் அடுப்புப் பற்றவைக்கக்கூடத் தெரியாத மனுஷர். அம்மா இருந்தவரை வீட்டில் தட்டு முன்னால் உட்காருவார். இப்போது அத்தை வீட்டில் போய் உட்காருகிறார். அவருக்கும் சமையலுக்கும் அவ்வளவுதான் சம்பந்தம். இந்த வயசில் இதென்ன ஆசை என்று அவளுக்கு எரிச்சலாய் இருந்தது.

"அங்கதான் இந்தக் கருமத்தோட மாரடிக்கிறேன். இங்க வந்துமாப்பா?"

"ஒரு வாய் துன்னு பாரேன்."

"எடுத்துட்டுப் போப்பா. பாத்தாலே கொமட்டுது."

வீரன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இடது கையில் இரண்டு விரலுக்குத் துணி சுற்றியிருந்தது. பூவிழி பார்த்தாள், என்ன ஏது என்று கேட்கத் தோன்றவில்லை. அப்போதே கேட்டிருக்கலாம்.

சற்று நேரத்தில், அப்பாவே போய்ச் சொல்லி, அத்தை வீட்டிலிருந்து களி வந்தது. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாய்த் தூங்கினாள்.

மறுநாள் காலை பஸ் வந்தது. இடம் பிடிக்கத் துண்டோடு அப்பா முதலில் ஏறினார். கீழே நின்ற பூவிழி, வழியனுப்ப வந்த அத்தையிடம் நேற்றைய கூத்தைச் சொல்லிச் சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை.

"இருவது நாளா என் அடுப்பாண்டதான் நின்னாரு. வெங்காயம் அரியறதுல இருந்து கத்துக்கினாரு. கிழங்கு வெந்துச்சா, குத்திப் பாக்கறது எப்பிடின்னு சின்னப் புள்ளையாட்டம் கேட்டாரு. பன்னு காஞ்சிப்போச்சுன்னு ரெண்டாவது வாட்டி போளூர் போய்ட்டு வந்தாரு."

பூவிழிக்குச் சிரிப்பு நின்றுபோனது.

"நேத்து மீந்ததக் கூட வீசல. காலைல நீ குளிக்கப் போனப்ப அவரேதான் துன்னாரு."

"எதுக்கு அத்த இதெல்லாம்? நான் கேட்டனா?"

கண்டக்டர் விசில் கொடுத்தார். ஜன்னல் வழியாய் அப்பா துணி சுற்றிய கையை ஆட்டி, இடம் கிடைத்துவிட்டது, ஏறு என்றார். அதே சிரிப்பு.

அத்தை பையை அவள் கையில் கொடுத்தாள்.

"வேலைக்குச் சேந்த புதுசுல போன்ல அழுதியாமே, ஊருக்கெல்லாம் செஞ்சு போட்றேன், எனக்கு ஒண்ணு எடுத்துத் துன்ன வுட மாட்றாங்கப்பான்னு."