அவிய வாராவ

“சனிக்கிழமைக்குள்ள நடந்துருவானா டாக்டர்? அவிய வாராவ.”

கிளாடிஸ் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். பிசியோதெரபிஸ்ட் ஜெபசுதாவுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்காரர் பேரைச் சொல்லாமல் ‘அவிய’ என்றே காலம் தள்ளும் பெண்கள் தூத்துக்குடியில் இன்னும் இருக்கிறார்கள். கிளாடிஸின் கணவர் கப்பலில் வேலை பார்ப்பவர். அவர் போன தடவை லீவில் வந்தபோது மகன் எஸ்றா உட்காரக்கூட மாட்டான்.

“நான் என்ன பஸ்ஸா ஓட்டுதேன், சொன்ன நேரத்துக்குக் கொண்டு சேக்கதுக்கு?” என்றாள் ஜெபசுதா. “பிள்ளை மனசு வைக்கணும்லா.”

இரும்புக் கம்பிகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஸ்றா நின்றான். ஐந்து வயது. பிறந்ததும் மூச்சு முட்டியதில் மூளையில் பட்ட அடி, அவன் கால்கள் இரண்டையும் கத்திரிக்கோல் மாதிரிப் பின்னி வைத்திருந்தது. அந்தப் பின்னலைப் பிரித்து அவனை நிற்க வைக்க ஜெபசுதாவுக்கு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

“ஏலே எஸ்றா, குதிகால் எங்க?”

“தரையில.”

“பொய் சொல்லாத. மேல பறக்கு பாரு.”

அவன் குனிந்து பார்த்தான். “நான் இல்லக்கா. அது தானா பறக்கு.”

குதிகாலைத் தரையோடு பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் ஸ்பிளிண்டை ஜெபசுதா எடுத்தாள். கிளாடிஸ் அவள் கையைத் தடுத்தாள்.

“அந்தப் பூட்ஸ் வேண்டாம் டாக்டர். அவிய முன்னால வெறுங்காலோட நடக்கணும்.”

அப்பா பார்க்கும்போது பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலத் தெரிய வேண்டும் என்று ஆசை. அதில் என்ன தப்பு?

“அன்னைக்கு ஒரு நாள் மட்டும்தான். சொல்லிட்டேன். இவனுக்கு எலும்பு வளர வளர தசை இழுத்துக்கிட்டேதான் இருக்கும். பயிற்சிய விட்டா திரும்பவும் பின்னிக்கும். பெறவு ஆபரேஷன்தான், அதுலயும் சரியா வரும்னு சொல்ல முடியாது.”

“விடுவனா டாக்டர்?” என்றாள் கிளாடிஸ். கொஞ்சம் தயங்கிவிட்டு, “கைய ரெண்டையும் மேல தூக்கிக்கிட்டு நடந்தா நல்லாருக்கும்” என்றாள்.

“அதச் சொல்லிக் குடுக்கவே வேண்டாம். விழுந்துராம இருக்கதுக்குக் கை தானா மேல போயிரும்.”

அப்பா தூக்கிக்கொள்ள வசதியாக இருக்கும் என்று ஜெபசுதா நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எஸ்றா கம்பியை விட்டான். இரண்டு கைகளும் மேலே போயின. உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட, எதிர்ச் சுவர் வரை போய் முட்டிக்கொண்டு நின்று திரும்பிப் பார்த்தான்.

“எக்கா, வந்துட்டேன்!”

ஜெபசுதா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தினமும் காலை ஜெபத்தில் இவன் பேரைச் சொல்லித்தான் அவள் வேண்டிக்கொள்வாள்.

“செல்போனக் கையில வச்சுக்கிட்டு நிக்கியளே, வீடியோ எடுக்கக் கூடாதா?”

“வேண்டாம் டாக்டர். சனிக்கிழமை வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது.”

“சர்ப்ரைஸா? நடத்துங்க, நடத்துங்க.”

திங்கட்கிழமை அவர்கள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. அப்பாவோடு ஊர் சுற்றுகிறான் என்று ஜெபசுதா விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த மத்தியான நேரத்தில் கிளாடிஸ் தனியாக வந்தாள். சேலைத் தலைப்பால் முக்காடு போட்டிருந்தாள். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை.

“எஸ்றா நடந்ததப் பாத்துட்டு அவன் அப்பா என்ன சொன்னாவ?”

“எஸ்றா அப்பாவா?” கிளாடிஸ் விழித்தாள். “அவருக்கு ஜனவரிலதான லீவு.”

“அப்ப சனிக்கிழமை யாரு வந்தது?”

கிளாடிஸ் செல்லை நீட்டினாள். கடற்கரை மைதானம். ‘சுகமளிக்கும் ஜெபக் கூட்டம்’ என்று பெரிய பேனர். கண் கூசும் விளக்குகள். மேடைப் படிகளில் கிளாடிஸ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறாள். கோட்டுப் போட்ட வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் அவன் தலையில் கை வைக்கிறார். “பிறந்ததுலேருந்து ஒரு அடிகூட எடுத்து வைக்காத பிள்ளை!” என்று மைக்கில் அலறுகிறார். எஸ்றா இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு, ஆடி ஆடி நடக்கிறான். கூட்டத்தின் சத்தத்தில் செல் அதிர்ந்தது.

“ஒரு அடிகூட எடுத்து வைக்காத பிள்ளையா?”

“நீ என்ன பாவம் செஞ்சன்னு அஞ்சு வருசமா கேட்டாவ டாக்டர். சபையிலயும் கேட்டாவ, மாமியா வீட்டுலயும் கேட்டாவ. இப்ப ஒருத்தி வாயத் திறக்கணுமே. என் பிள்ளை கூட நின்னு போட்டோ எடுக்காளுவ.”

ஜெபசுதா செல்லைத் திருப்பிக் கொடுத்தாள். ஊழியக்காரருக்கே பேர் போகட்டும். பிள்ளையின் கால் முக்கியம்.

“சரி, இருக்கட்டும். எஸ்றா எங்க?”

“வெளிய, ஆட்டோல.”

ஜன்னல் வழியே பார்த்தாள். மழை இல்லாத நாளில் ஆட்டோவின் படுதா இரண்டு பக்கமும் இறங்கியிருந்தது. அதற்குக் கீழே எஸ்றாவின் வெறும் பாதங்கள் தொங்கின. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது.

“பத்து நாளைக்குள்ள இழுத்துட்டு பாத்தியளா? உள்ள தூக்கிட்டு வாங்க, உடனே ஆரம்பிச்சாத்தான் சரியா இருக்கும்.”

கிளாடிஸ் நகரவில்லை. பையிலிருந்து ஸ்பிளிண்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“சுகமான பிள்ளைய இங்கன வச்சு யாராவது பாத்துட்டா, டாக்டர்?”