துறைமுகக் காகத்தின் ர

சுவீடனின் தென்கோடித் துறைமுகத்தில் ஒரு காகம் இருந்தது. வடக்கிலிருந்து வந்த புதிதில், நாக்கு நுனியில் 'ர்ர்ர்' என்று உருட்டித்தான் கரையும். ஊர்க் காகங்கள் விழுந்து விழுந்து சிரித்தன.

"இங்கெல்லாம் தொண்டையிலதான் கரையணும். பாரீசுப் பெரிய இடத்துப் பழக்கம்! டென்மார்க் வழியா கப்பலேறி வந்ததாக்கும்!"

காகமும் 'க்ஹ்ர்ர்' என்று தொண்டையில் கொப்பளிக்கப் பழகிக்கொண்டது.

ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அதன் அக்கா வடக்குக் கூட்டத்தோடு துறைமுகத்தின் மேலே பறந்து போகும். "தம்பீ, எங்கேடா இர்ர்ருக்கே?" என்று கூப்பிடும். தம்பி தொண்டை கிழியப் பதில் சொல்லும். யாரோ உள்ளூர்க்காரன் என்று நினைத்து அக்கா கடந்துவிடும். பழைய 'ர' எவ்வளவு முயன்றும் திரும்ப வரவில்லை. அன்று முழுக்கத் தம்பிக்கு இரை இறங்காது.

அதன் மகள் சரியான வாலு. கப்பல் சங்கு, மீன்காரி, பூனை, எல்லாரையும் போலக் கத்திக் காட்டும். இந்த வருஷம் அத்தையின் குரல் கேட்டதும், "சும்மா இருங்கப்பா" என்று கூரை உச்சிக்குத் தாவி, அத்தை மாதிரியே உருட்டியது: "இங்கேதான் இர்ர்ருக்கேன் அக்கா!"

அக்கா சட்டென்று வட்டமடித்து இறங்கியது. தம்பி ஓடிப்போய், "க்ஹ்ர்ர்..." என்றது.

"ஐயையோ, என்னடா குரல் இது? மீன்முள்ளு மாட்டிக்கிச்சா?" அக்கா பதறிப்போய் இறக்கையால் அதன் முதுகைத் தட்ட ஆரம்பித்தது.

தம்பி வாகாகக் குனிந்துகொண்டது. முள் எதுவும் இல்லை என்று அது கடைசிவரை சொல்லவே இல்லை.