ஐந்து காகித வட்டங்கள்

தொடையில் உண்ணி கடித்த இடத்தில் சிவப்பு வளையம் ஒன்று விரிந்துகொண்டே போனது. தையல்கடை மரியபுஷ்பம் வாராவாரம் அந்த அளவுக்குச் செய்தித்தாளில் ஒரு வட்டம் வெட்டிவைத்தாள். ஐந்து வட்டங்களுக்குப் பிறகு வளையம் மறைந்து, மூட்டுகள் வீங்கின. கத்தரிக்கோல் கையில் நிற்கவில்லை. நான்காவது டாக்டரின் மேசையில் வட்டங்களைப் பரப்பினாள்.

“தோல்ல ஒண்ணும் இல்லையேம்மா. ரத்தமும் நார்மல். படர்தாமரை வந்து போயிருக்கும்.”

“வளையம் இருந்தப்பவும் அதைத்தான் சார் சொல்லி, களிம்பு குடுத்தாங்க. இந்த வலி?”

“டென்ஷன் ஆகாதீங்க.”

பெரிய வட்டத்தின் மேல் வைத்திருந்த டீ கிளாஸை டாக்டர் எடுத்தார். காகிதத்தில் ஈரமாக ஒரு வளையம் பதிந்திருந்தது.

“இது தெரியுதுல்ல சார்?” என்றாள். “இதையாவது எழுதிக்கங்க.”