முதல் கையெழுத்து

“ஒரு சாமியார் பூசையில அரசியல் கதைக்கலாமோ, அக்கா?” என்று கேட்டபடி மாதா கோயில் மூப்பர் சவிரிமுத்து பிலோமினாவிடம் மனுவை நீட்டினார்.

துறைமுகச் சோதனைச் சாவடியில் காணாமல்போன பெடியன்களின் பெயர்களை அமலதாஸ் சுவாமி ஞாயிறுதோறும் பூசையில் வாசித்தார். அவரை வேறு ஊருக்கு மாற்றும்படி அந்த மனுவில் ஆயருக்கு எழுதியிருந்தார்கள்.

மூப்பர் குரலைத் தாழ்த்தினார். “ஜீப்பில வந்தவங்கள், சுவாமி பூசை வைக்க இறக்கக்கண்டி ஊருக்குப் போற நேரத்தை விசாரிக்கிறாங்கள். ஆனா ஒருத்தரும் முதல் கையெழுத்து வைக்கினமில்லை.”

சுவாமிக்குச் சமைத்துப்போடும் பிலோமினா வைத்தாள்.

மாற்றல் கடிதத்தோடு மனுவின் பிரதியும் வந்தது. சுவாமி அதைக் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தவளிடம் கொண்டுவந்தார்.

“முதல் பெயர் உங்கட. அந்தப் பெடியளுக்கும் தாய்மார் இருக்கினமே?”

“ஓம். எனக்கு நீ உயிரோட இருக்கோணும், மகன்.”

அவர் குருவான நாளிலிருந்து, பெற்ற பிள்ளையை அவள் சுவாமி என்றே அழைத்து வந்திருந்தாள்.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.