அடுத்த கூட்டத்தொடர்

சட்டசபையிலிருந்து அமைச்சர் முகம் சிவக்க வெளியே வந்தார். அவருக்குப் பதில்களை எழுதித் தரும் உதவியாளர் கோப்புகளை அணைத்தபடி பின்னால் ஓடினார்.

“நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அந்த எதிர்க்கட்சி அம்மா, ‘பரிசீலிக்கிறோம்னு மழுப்பாதீங்க’ங்குது. நீ எழுதிக் கொடுத்ததும் அதேதான். சபையே சிரிக்குது! நீ எழுதுறது எப்படிய்யா முன்னாடியே அங்க போகுது?”

“சத்தியமா போகலைங்கய்யா.”

“பின்ன, உன் மனசுக்குள்ள பூந்து பாக்குறாங்களா?”

உதவியாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த எதிர்க்கட்சி உறுப்பினரே எதிரில் வந்தார். “கோவமா அண்ணே? கேள்வியெல்லாம் இதோ நிக்குற என் உதவியாளர், இந்தப் பொண்ணு எழுதினது. வாங்க, டீ சாப்பிடலாம்.”

அமைச்சரின் கோபம் போன இடம் தெரியவில்லை. சபையில் கீரியும் பாம்புமாக நின்ற இருவரும் சிரித்துக்கொண்டே கேன்டீனுக்குள் நுழைந்தார்கள்.

வராந்தாவில் இரண்டு உதவியாளர்கள்தான் மிஞ்சினார்கள். அந்தப் பெண் இவரை ஏறிட்டும் பார்க்காமல் படியிறங்கினாள்.

அன்று கூட்டத்தொடரின் கடைசி நாள். ஊழியர்கள் குஷியாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் வாசல் காவலரிடம் போய் நின்றார்.

“அடுத்த கூட்டத்தொடர் எப்போங்க?”

“அதுக்குள்ள என்ன சார் அவசரம்? இனிமேலாவது நேரத்தோட வீட்டுக்குப் போங்க. வீட்டம்மா சந்தோஷப்படுவாங்க.”

உதவியாளர் படிக்கட்டையே பார்த்தார்.

“வேலையே கதின்னு கிடந்தேன். அதோ படியிறங்கிப் போறாளே, அவ பெட்டியைத் தூக்கிட்டுப் போய் ஒரு வருஷமாச்சு. சபை கூடினாத்தான் என்னை ஒரு கேள்வியாவது கேக்குறா.”