முழங்கைக்கு மேலே இரண்டு விரல்

தையற்கடை பெஞ்சில் நான் என் கால்சட்டைக்காகக் காத்திருக்கிறேன். அளவு கொடுத்த நாளில் எனக்கு இடுப்பு என்று ஒன்று இருந்தது. காத்துக் காத்து இளைத்து, இப்போது அதே அளவுக்குள் நான் குடும்பத்தோடு குடியிருக்கலாம். மதிய வெயில் கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்து வெட்டுமேசையில் விரித்த நீலத்துணியின் மேல் படுத்திருக்கிறது. தையல்காரர் கழுத்தில் அளவுநாடா தொங்குகிறது. அவர் பிறந்ததே அதோடுதான். தொப்புள்கொடி என்று நினைத்து அறுக்க வந்தவர்கள், அதில் அங்குலக்கோடு இருப்பதைப் பார்த்து விட்டுவிட்டார்கள். மேசையருகே ஓர் அம்மாவும் வேலைக்குப் போகும் மகளும் நிற்கிறார்கள். மகள் சட்டைக்கு அரைக்கை கேட்கிறாள், அம்மா முழுக்கை என்கிறாள். மகளின் முழங்கையில் சிவந்த திட்டு, அதன்மேல் வெள்ளைச் செதில்.

“இது குறையட்டும்டி, அப்புறம் அரைக்கை போட்டுக்கலாம்.”

“குறையும், மறுபடி வரும்மா. மருந்து அடக்கி வைக்கும், அடியோட போகாதுன்னு டாக்டரே சொல்லிட்டார். ஆயுசுக்கும் நான் முழுக்கைக்குள்ளயே வேகணுமா?”

“பாக்கறவங்க ஒட்டிக்கும்னு ஒதுங்குவாங்கடி.”

“சொரியாசிஸ் ஒட்டாதும்மா.”

தையல்காரர் கழுத்திலிருந்து நாடாவை உருவுகிறார். “கையை நீட்டும்மா.” நாடா தோளிலிருந்து இறங்கி, முழங்கையில் அந்தத் திட்டின்மேலேயே ஒரு சுற்றுச் சுற்றுகிறது. ஒரு செதில் நாடாவில் ஒட்டி வெயிலில் மின்னுகிறது. அம்மா அதையே பார்க்கிறாள். அவர் துடைக்காமல் நாடாவைப் பழையபடி தன் கழுத்தில் போட்டுக்கொள்கிறார்.

“முழங்கை மறையற மாதிரி வச்சிரட்டுமாம்மா?” என்று அம்மாவைக் கேட்கிறார்.

அம்மா அவர் கழுத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வேண்டாம். ரெண்டு விரல் ஏத்தியே வைங்க. பிள்ளைக்கு வேர்க்கும்.”