குமிழ் உடைந்த ரேடியோ

ஒரு பள்ளிக்கூடத்தின் சாமான் அறையில் ஒரு ரேடியோவும் ஒரு டிவியும் இருந்தன. ரேடியோவுக்குக் குமிழ் உடைந்து போயிருந்தது. முகத்துத் துணியும் கிழிசல். டிவிக்கோ, வாங்கி வந்தபோது இருந்த பிளாஸ்டிக் கவரைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

ஆயுத பூஜையன்று ஒரு புது டேப்லெட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள்.

"லீவு முடிஞ்சதும் பிள்ளைகளுக்கு நான்தான் பாடம்," என்றது டேப்லெட். பிறகு ரேடியோவைப் பார்த்தது. "அண்ணே, உங்களை இப்படிப் பண்ணினது யாரு?"

"பிள்ளைங்கதான். மத்தியானத்துல கதைப் பாடம் வரும். சத்தத்தைக் கூட்ட ஆளாளுக்குக் கை நீட்டுவாங்க. ஒருநாள் கதையில புலி உறுமுச்சு. கடைசி வரிசையே பெஞ்சு மேல ஏறிடுச்சு. அந்த அமளியில குமிழ் ஒருத்தி கையோட வந்துடுச்சு." ரேடியோ சிரித்துக்கொண்டது. "அப்புறமும் விடலையே. குறடு வெச்சுத் திருகிக் கேட்டாங்க."

டேப்லெட் டிவி பக்கம் திரும்பியது. "நீங்க மட்டும் எப்படிக்கா புதுசாவே இருக்கீங்க?"

அதற்குள் தலைமையாசிரியர் வந்து மூன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். கூட வந்த டீச்சர் டேப்லெட்டின் கவரைப் பிரிக்கப் போனார்.

"வேணாம் டீச்சர். பிள்ளைங்க கைபட்டா பாழாப் போயிடும்," என்றவர் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

"அண்ணே," என்றது டேப்லெட், "அந்தப் புலிக் கதையை இன்னொரு தரம் சொல்லுங்களேன்."

"வந்த அன்னிக்கு நானும் இதைத்தான் கேட்டேன்," என்றது டிவி.